சர்க்கரை நோயாளிகள் ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்துவிட்டதாமே, எங்கள் அம்மா மட்டும் ஏன் மூன்று முறை?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன். அவருக்கு வயது 46. அம்மாவுக்கு 74, சர்க்கரை நோய் வந்து 26 வருடமாகிறது. காலையில் கிளிமெபிரைட் மாத்திரை, ராத்திரி இன்சுலின். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.3, "இந்த வயசில் இவ்வளவு நல்ல கண்ட்ரோலா" என்று பார்ப்பவர்களெல்லாம் பாராட்டிய எண். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மட்டும் "கொஞ்சம் கூட இருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருந்தும் போன ஒரு வருடத்தில் அம்மா மூன்று முறை அட்மிட் ஆகிவிட்டார். முதலில் சிறுநீர்த் தொற்றும் குளிர்காய்ச்சலும். அங்கே சர்க்கரை 280 வரை போனதால் இன்சுலின் அளவைக் கூட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து, விடியற்காலை மூன்று மணிக்கு, அம்மா கட்டிலில் உட்கார்ந்து போர்வையை மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்திருக்கிறார். கூப்பிட்டால் திரும்பவில்லை, முதுகெல்லாம் வேர்வையில் நனைந்திருக்கிறது, மகளைப் பார்த்து "நீ யாரு" என்று கேட்டிருக்கிறார். குளுக்கோமீட்டரில் 41. அது இரண்டாவது அட்மிஷன். நாலு மாதம் கழித்து மூச்சிரைப்பும் கால் வீக்கமும் வந்து, இதயச் செயலிழப்பு என்று ஒன்பது நாள் வைத்திருந்தது மூன்றாவது.

தம்பிக்கு 38 வயது, சர்க்கரை வந்து நாலு வருடம். மெட்ஃபார்மினும் எம்பாகிளிஃப்ளோசினும் சாப்பிடுகிறார். ஏழு மாதத்துக்கு முன் எடுத்த எச்பிஏ1சி 9.1, அதற்கப்புறம் எடுக்கவில்லை. கால் விரல்களில் மதமதப்பு இருக்கிறது, அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷன். சர்க்கரை நோயாளிகள் ஆஸ்பத்திரியில் சேர்வது இருபது வருடத்தில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்று ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு அக்காவுக்கு அனுப்பியவர் அவர்தான். "இப்ப மருந்தெல்லாம் மாறிடுச்சு, சும்மா பயப்படாதே" என்பது அவர் கட்சி.

வாசகி கேட்பது இவ்வளவு. ஊரெல்லாம் குறையும்போது எங்கள் வீட்டில் மட்டும் கூடுகிறது என்றால், நான் அம்மாவைச் சரியாகக் கவனிக்கவில்லையா? 6.3 இருந்தும் ஏன் இப்படி? ஆஸ்பத்திரியில் மாத்திரையை நிறுத்தி இன்சுலினாகப் போட்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரு உறவினர் சொல்கிறார், இன்சுலினை விட்டுவிடலாமா? இனிமேல் அம்மாவை அட்மிட் பண்ணவே வேண்டாம், எதுவானாலும் வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம் என்று நினைக்கிறேன், தப்பா?

உங்கள் முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கவனிக்காததால் இது வரவில்லை. மூன்று மணிக்கு எழுந்து, அம்மா நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்று உணர்ந்து, யோசிக்காமல் மெஷினை எடுத்துப் பார்த்தீர்களே, அதனால்தான் அவர் இன்று உங்களோடு இருக்கிறார். அந்த நேரத்தில் "தூக்கக் கலக்கம், படுக்கட்டும்" என்று விட்டுவிடுகிற வீடுகள்தான் அதிகம்.

அந்தக் கட்டுரையில் இருந்த எண்கள்

தம்பி படித்தது பொய்யில்லை. எதை வைத்து எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2014இல் ஒரு பெரிய கணக்கு வெளியானது. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பு விகிதம் ஏறக்குறைய 68 சதவீதம் குறைந்திருந்தது, பக்கவாதமும் கால், விரல் அகற்றலும் பாதிக்கு மேல் குறைந்திருந்தன, சிறுநீரகம் முழுதாகச் செயலிழப்பது 28 சதவீதம் குறைந்திருந்தது. மகிழ வேண்டிய விஷயம்தான். ரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், புகைப்பதை விட்டது, கால் புண்ணை ஆரம்பத்திலேயே பார்க்கும் பழக்கம், தொடர்ந்து பரிசோதனை என்று பல பேர் பல வருடம் செய்த வேலையின் பலன் அது.

ஆனால் இந்த எண்களைப் படிக்கும்போது மூன்று விஷயத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

விகிதம் வேறு, எண்ணிக்கை வேறு. அதே இருபது வருடத்தில் அமெரிக்காவில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் 65 லட்சத்திலிருந்து 2 கோடியே 7 லட்சமாகிவிட்டார்கள். அதனால் கால் அகற்றும் விகிதம் பாதியாகியும், ஒரு வருடத்தில் நடந்த அகற்றல்களின் மொத்த எண்ணிக்கை சுமார் 50,000இலிருந்து 73,000க்கு ஏறியது. வார்டில் நிற்கிற எங்களுக்கும் வரிசையில் நிற்கிற உங்களுக்கும் கூட்டம் குறைந்த மாதிரியே தெரியாததற்கு இதுதான் காரணம். இங்கிலாந்தின் ஆஸ்பத்திரித் தணிக்கைகளில் ஏறக்குறைய ஆறு படுக்கைக்கு ஒன்றில் சர்க்கரை நோய் உள்ள ஒருவர் படுத்திருக்கிறார்.

அடுத்தது, யாரைச் சர்க்கரை நோயாளி என்று எண்ணுகிறோம் என்பதே நடுவில் மாறியது. 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வெறும் வயிற்றுச் சர்க்கரையின் வரம்பை 140இலிருந்து 126க்கு இறக்கியது. நோய் லேசாக இருந்த பல பேர் ஒரே கோட்டில் உள்ளே வந்தார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தால் வகுப்பின் சராசரி ஏறும் இல்லையா, பழைய மாணவன் ஒரு மார்க்கும் கூடுதலாக வாங்காமலேயே. அந்த இறக்கத்தில் ஒரு பங்கு இப்படி வந்தது. எல்லாமே கணக்கு மாயம் என்று நான் சொல்லவில்லை, முன்னேற்றம் நிஜம்தான், அதன் அளவைக் கொஞ்சம் அடக்கிப் படிக்க வேண்டும் என்கிறேன்.

மூன்றாவதுதான் தம்பி உட்கார்ந்து படிக்க வேண்டியது. கதை 2010இல் முடியவில்லை. 2000 முதல் 2009 வரை 43 சதவீதம் குறைந்த கால், விரல் அகற்றல், 2009க்கும் 2015க்கும் இடையில் திரும்ப 50 சதவீதம் ஏறியது. ஏறியது யாரிடம்? 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களிடம். ரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோ அசிடோசிஸ் என்ற நெருக்கடிக்காக அட்மிட் ஆவதும் அப்படித்தான். 2009இல் சர்க்கரை நோய் உள்ள ஆயிரம் பேருக்கு 19.5 ஆக இருந்தது, 2014இல் 30.2. அதிலும் அதிகம் சேர்ந்தவர்கள் 45 வயதுக்குக் கீழே இருப்பவர்கள். ஆஸ்பத்திரிக்குள் வந்தபின் இறப்பது 1.1 சதவீதத்திலிருந்து 0.4 சதவீதமாகக் குறைந்தது, அது மருத்துவத்தின் வெற்றி. ஆனால் வந்து சேர்கிறவர்கள் கூடிவிட்டார்கள்.

எதற்காகச் சேர்கிறார்கள் என்பது மாறிவிட்டது

எண்ணிக்கையைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. உங்கள் அம்மாவின் மூன்று அட்மிஷனையும் வரிசையாக வைத்துப் பாருங்கள்: தொற்று, லோ சுகர், இதயச் செயலிழப்பு. முப்பது வருடத்துக்கு முன் சர்க்கரை நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்தால் மாரடைப்பு, பக்கவாதம், அழுகிய கால், எகிறிய சர்க்கரை என்று நினைப்போம். இங்கிலாந்தில் 2003 முதல் 2018 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, பழைய சிக்கல்களின் பங்கு நன்றாகச் சுருங்கி, தொற்றுகளும் மற்ற பல வியாதிகளும் அந்த இடத்துக்கு வந்திருந்தது தெரிந்தது. மாரடைப்பில் போகாமல் பிழைத்தவர்கள் அதிக வருடம் வாழ்கிறார்கள், வாழும்போது வேறு உடம்பு உபாதைகள் வருகின்றன. உங்கள் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். ஊரெல்லாம் ஒரு பக்கம் போக நீங்கள் மட்டும் எதிர்ப்பக்கம் போகவில்லை.

தொற்று: 2015 கணக்குப்படி அமெரிக்காவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு. நுரையீரல், சிறுநீர்ப் பாதை, தோல், பாதம் என்று எல்லா இடமும். ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி இரண்டும் அம்மாவுக்குப் போட்டாயிற்றா என்று கடிதத்தில் இல்லை. போடவில்லையென்றால் அடுத்த விசிட்டில் கேட்டுவிடுங்கள். தம்பிக்கும்தான். இதற்கு மேல் நீட்டத் தேவையில்லை, ஆனால் செய்யாமல் விடாதீர்கள்.

லோ சுகர் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும்.

அம்மாவின் 6.3

எச்பிஏ1சி குறையக் குறைய நல்லது என்று நினைத்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல முடியாது, பல வருடம் எல்லோரும் அப்படித்தான் சொல்லி வந்தோம். புதிதாக நோய் வந்தவர்களுக்கு அது பெரிதும் உண்மை. ஆனால் 74 வயதில், 26 வருட நோயோடு, சிறுநீரகம் தளர்ந்த நிலையில், இன்சுலினும் கிளிமெபிரைடும் சேர்ந்து கொடுத்து வரும் 6.3 என்பது பாராட்ட வேண்டிய எண் இல்லை, கவலைப்பட வேண்டிய எண். சராசரி இவ்வளவு கீழே இருக்கிறதென்றால் ராத்திரியில் எத்தனை தடவை இன்னும் கீழே போயிருக்கும் என்று அந்த எண் காட்டாது. நீங்கள் பார்த்தது ஒரு ராத்திரி. பார்க்காத ராத்திரிகளும் இருந்திருக்கலாம். காலையில் தலைவலியோடு எழுந்தது, கெட்ட கனவு என்று சொன்னது, பகலில் காரணமில்லாமல் எரிச்சல்பட்டது இதெல்லாம் நினைவுக்கு வருகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. ரத்தசோகை, சிறுநீரகத் தளர்ச்சி, சமீபத்தில் ரத்தம் ஏற்றியது இவை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் குறைத்தோ கூட்டியோ காட்டும். அம்மாவின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். விரலில் குத்திப் பார்க்கும் அளவுகளோடு ஒத்துப்போகிறதா என்று டாக்டரோடு சேர்ந்து பார்க்க வேண்டும்.

சிறுநீரகம் ஏன் இங்கே வருகிறது? இன்சுலினில் ஒரு பங்கை உடம்பிலிருந்து அகற்றுவது சிறுநீரகம்தான். அது தளர்ந்தால் அதே ஊசி அதிக நேரம் வேலை செய்யும். சல்ஃபனைல்யூரியா வகை மாத்திரைகளும் அப்படித்தான், கிளிமெபிரைட் அந்த வகை. போன வருடம் பொருந்திய அளவு இந்த வருடம் அதிகமாகிவிடும், யாரும் எதையும் மாற்றாமலேயே. "கிரியேட்டினின் கொஞ்சம் கூட" என்பதோடு நிற்காமல் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் எண் எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான் முடிவாக வேண்டும்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் இருந்த மூத்தவர்களைப் பார்த்தால், 1999க்கும் 2011க்கும் இடையில் சர்க்கரை எகிறி அட்மிட் ஆவது 38.6 சதவீதம் குறைந்தது, சர்க்கரை இறங்கி அட்மிட் ஆவது 11.7 சதவீதம் கூடியது. அதாவது சிகிச்சை வேலை செய்தது, அதே சிகிச்சை சிலரிடம் அளவைத் தாண்டியது. 2008இல் அக்கார்ட் என்ற பெரிய ஆய்வில், எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இறப்பு கூடியதால் அந்தப் பகுதியையே பாதியில் நிறுத்தினார்கள். அதற்கப்புறம்தான் முதியவர்களுக்கு இலக்கைத் தளர்த்தும் பேச்சு வலுத்தது. பல வியாதிகள் சேர்ந்த முதியவர்களுக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்பதுதான் அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டல்.

எனவே நீங்கள் செய்ய வேண்டியது, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் இந்த வாரமே டாக்டரைப் பார்த்து மூன்று டிஸ்சார்ஜ் சம்மரியையும் மேஜையில் வைத்து, "அம்மாவுக்கு இலக்கு எவ்வளவு, இந்த மாத்திரையும் இந்த ஊசியும் இதே அளவில் தேவையா" என்று நேராகக் கேட்பது. நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். ஆனால் கேட்பது உங்கள் உரிமை, அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. அவர் கேட்டுக்கொள்ளவில்லையென்றால் இன்னொருவரிடம் கருத்துக் கேட்பதிலும் தப்பில்லை.

அதுவரைக்கும் வீட்டில்: 70க்குக் கீழே போனால், விழித்திருந்து விழுங்க முடிகிற நிலையில் 15 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள், ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குப் போய்விடும். சர்க்கரையை ஏற்றும் குளுககான் ஊசி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம் ஒன்று, கிளிமெபிரைட் சாப்பிடுபவருக்கு வந்த லோ சுகர் ஏறிவிட்டதே என்று விட முடியாது. மருந்து உடம்பில் இருக்கும் வரை, சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூட, திரும்ப இறங்கும். அதனால்தான் உங்கள் அம்மாவை அன்று வீட்டுக்கு அனுப்பாமல் சேர்த்துக்கொண்டார்கள்.

இன்சுலின்தான் காரணமா?

உறவினர் சொல்வதில் ஒரு நூலளவு உண்மையும் மீதி தவறும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் மாத்திரையை நிறுத்தி இன்சுலின் போட்டது நோய் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டது என்பதால் இல்லை. கடுமையான தொற்று, சிறுநீரகம் திடீரென்று தளர்வது, சாய மருந்து செலுத்தி ஸ்கேன் எடுப்பது போன்ற நேரங்களில் மெட்ஃபார்மின் போன்ற மாத்திரைகள் ஆபத்தாகலாம். சாப்பாடு எப்போது இறங்கும் என்று தெரியாத நோயாளிக்கு மணிக்கணக்கில் வேலை செய்யும் மாத்திரையைவிட, அவ்வப்போது கூட்டிக் குறைக்க முடிகிற இன்சுலின் பாதுகாப்பானது. அங்கே 140க்கும் 180க்கும் நடுவில் வைத்திருப்பார்கள், "இன்னும் இறக்கவில்லையே" என்று அவர்களை அவசரப்படுத்த வேண்டாம். 2009இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சர்க்கரையை ரொம்பவும் இறக்கிப் பிடித்தபோது இறப்பு கூடியதுதான் கண்டது.

தப்பு நடந்தது டிஸ்சார்ஜ் சமயத்தில் என்று நினைக்கிறேன். காய்ச்சலும் தொற்றும் இருக்கும்போது யாருக்கும் சர்க்கரை ஏறும். உடம்பு தேறியதும் தானாக இறங்கும். அம்மாவுக்கு அந்த 280 காய்ச்சலின் 280. அதைப் பார்த்துக் கூட்டிய இன்சுலின், காய்ச்சல் போன பிறகு வீட்டில் அதிகமாகிவிட்டது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களான முதியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், டிஸ்சார்ஜ் ஆகும்போது சர்க்கரை மருந்தைக் கூட்டி அனுப்பப்பட்டவர்களுக்கு அடுத்த 30 நாளில் கடுமையான லோ சுகர் அதிகம் வந்தது. உங்கள் வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய அதேதான். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகச் சொல்லவில்லை, அடுத்த முறை நீங்கள் எந்த இடத்தில் விழிப்பாக இருக்க வேண்டும் என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜ் அன்று

மூட்டை கட்டும் பரபரப்பில் யாரும் எதையும் கேட்பதில்லை. ஆனால் அந்த அரைமணி நேரம்தான் அடுத்த அட்மிஷனைத் தீர்மானிக்கிறது. பழைய மருந்துச் சீட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது கூடியது, எது குறைந்தது, எது நின்றது, ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். "இந்தக் கூடுதல் அளவு எத்தனை நாளைக்கு, எந்த எண் வந்தால் குறைக்கணும், யாருக்கு போன் பண்ணணும்" என்று கேட்டு அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஒரு வாரத்துக்குள் ஒரு விசிட் கட்டாயம். பரிசோதனை முடிவுகளின் நகலும் சம்மரியும் கையில் இல்லாமல் வெளியே வராதீர்கள். இதயச் செயலிழப்புக்குப் பிறகு தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது நீர், அன்றே சொல்லிவிட வேண்டும். மருந்துப் பட்டியலில் பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரை இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அது உடம்பில் நீர் கோக்க வைக்கும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

இதயத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2015இல் எம்பாகிளிஃப்ளோசினை வைத்து நடந்த ஆய்வில் இதயச் செயலிழப்புக்காக அட்மிட் ஆவது 35 சதவீதம் குறைந்தது. அந்த வகை மருந்துகள் சிறுநீரகத்தையும் காக்கின்றன என்று பிறகு தெரிந்தது. அம்மாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்திருக்கிறது, இந்த மருந்தால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வர வாய்ப்புண்டு, சிறுநீரக எண்ணையும் பார்க்க வேண்டும். எனவே இது பார்க்கும் டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் பேச்சில் வராமலேயே போகக் கூடாது.

"இனிமேல் அட்மிட் வேண்டாம்"

இந்த வரியை நீங்கள் எழுதிய இடத்தில் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஒரே வருடத்தில் மூன்று முறை என்றால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆஸ்பத்திரி நாட்களைக் குறைக்க வேண்டும் என்ற ஆசை சரி. ஆஸ்பத்திரியையே மறுப்பது அதற்கு வழி இல்லை. முதல் தடவை, குளிர்காய்ச்சலோடு வந்த சிறுநீர்த் தொற்றை வீட்டில் வைத்துப் பார்த்திருந்தால் அது ரத்தத்தில் பரவியிருக்கலாம்.

இவை வந்தால் யோசிக்காமல் கிளம்புங்கள்: நிற்காத வாந்தி, சோர்ந்து சுருண்டு கிடப்பது அல்லது புதிதாக வந்த குழப்பம், வேகமாக ஆழமாக இழுக்கும் மூச்சு, 300க்கு மேல் போய் இறங்காத சர்க்கரை, பாதத்தில் பரவும் சிவப்பு, கறுத்த விரல், நாற்றமுள்ள புண், நெஞ்சில் அழுத்தம். வயதான பெண்களுக்குச் சர்க்கரை இருந்தால் மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் மூச்சு வாங்கலும் குமட்டலுமாகக்கூட வரும் என்பதை மறக்காதீர்கள்.

அம்மா தெளிவாகப் பேசுகிற நாளில், அவருக்கு என்ன விருப்பம் என்று அவரிடமே கேட்டீர்களா? எந்த அளவு சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்ய முதல் உரிமை அவருக்குத்தான். கடிதம் முழுக்க அம்மாவைப் பற்றி இருக்கிறது, அம்மா சொன்னது ஒரு வரிகூட இல்லை. சிகிச்சையைப் பாதியில் விட்டு, டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வருவது மட்டும் வேண்டாம். சீக்கிரம் போக வேண்டுமென்றால் அதைச் சொல்லி, வீட்டில் எதைத் தொடர முடியும் என்று பேசி முடிவு செய்யுங்கள்.

தம்பிக்கு

இந்தப் பகுதியை அவரிடம் அப்படியே காட்டுங்கள்.

தம்பி, அம்மாவுக்கு இலக்கைத் தளர்த்தச் சொன்னேன், உங்களுக்கு இறுக்கச் சொல்கிறேன். முரண்பாடு இல்லை. உங்களுக்கு முன்னால் இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது, 9.1 அந்த நாற்பது வருடத்தின் மேல் வேலை செய்யும். இளவயதில் வரும் இரண்டாம் வகை சர்க்கரை, வயதான பிறகு வருவதைவிட வேகமாகக் கெடுக்கும். நீங்கள் நம்பியிருக்கிற அந்தக் குறைந்த எண்கள் பெரும்பாலும் உங்களைவிட வயதானவர்கள் பல வருடம் மாத்திரையும் பரிசோதனையும் தவறாமல் செய்து குறைத்தவை. மருந்து மாறியது உண்மை, அந்த மருந்து உங்கள் உடம்பில் வேலை செய்கிறதா என்று ஏழு மாதமாக நீங்கள் பார்க்கவில்லை.

விரல் மதமதப்பை எப்படிச் சோதிப்பார்கள் தெரியுமா? ஒரு குச்சியின் நுனியில் மெல்லிய நைலான் இழை இருக்கும், பத்து கிராம் அழுத்தத்தில் வளையும். உங்களைக் கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலின் அடியிலும் பாதத்தின் முன்பக்க மேட்டிலும் அதை வைத்து வளையும் வரை அழுத்துவார்கள். தொட்டது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான், வலிக்காது, ஐந்து நிமிடம் ஆகாது. தெரியவில்லையென்றால் அந்த இடத்தில் முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் உங்களுக்குத் தெரியாது. கால் அகற்றல்களில் பெரும்பாலானவை இப்படித் தெரியாமல் வந்த ஒரு சின்னப் புண்ணில்தான் ஆரம்பித்தவை. தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கு உட்பட, வெளிச்சத்தில் பாருங்கள். எச்பிஏ1சி, சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம், இஜிஎஃப்ஆர், கண் விழித்திரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் இந்த மாதமே பார்த்துவிடுங்கள். புகைப்பவராக இருந்தால் அதை நிறுத்துவதற்கு உதவியும் கேளுங்கள்.

கடைசியாக, ஆனால் இதுதான் இருப்பதிலேயே அவசரம். உங்கள் ஆபரேஷன். எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுவதை அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் சொன்னீர்களா? முன்கூட்டியே திட்டமிட்ட ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். சாப்பிடாமல் இருக்கும் உடம்பில் அந்த மருந்து தொடர்ந்தால் கீட்டோ அசிடோசிஸ் வரலாம், அதுவும் மெஷினில் சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாகக் காட்டிக்கொண்டே வரும், அதனால் பார்ப்பவர்களும் ஏமாந்துவிடுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி, வயிற்று வலி, மூச்சு வேகம் என்று வந்தால் "சர்க்கரை நார்மலாத்தானே இருக்கு" என்று விடாமல் ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தை நிறுத்தும் நாட்களில் பதிலுக்கு என்ன எடுப்பது, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு எந்த நாளில் திரும்பத் தொடங்குவது என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். 9.1 ஏழு மாதம் பழசு, இப்போது எவ்வளவு என்று தெரியாது. அதிகமாக இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், தொற்று வரும் வாய்ப்பும் கூடும். அவசரமில்லாத குடலிறக்கம் என்றால் சில வாரம் தள்ளிப்போட்டு, சர்க்கரையை இறக்கிவிட்டுச் செய்யலாமா என்று மருத்துவரே சொல்லக்கூடும். சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் தேதியை வைத்துப் பின்னோக்கி எண்ணி, நாளைக்கே அவர்களுக்கு போன் செய்யுங்கள்.